தனுஷ்கோடி போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு, மதியச் சாப்பாடு முடித்து ராமேஸ்வரத்திலிருந்து சாவகாசமாகக் கிளம்புவது. பொழுது சாய்ந்தால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். முனையில் ஒரு செல்பி, வரும் வழியில் ஓடும் காரிலிருந்தே இடிந்த தேவாலயம், அவ்வளவுதான் மிஞ்சும். காலையிலேயே போய்விடுங்கள்.

நிலம் முடிகிற அரிச்சல்முனையில் நின்றுகொண்டு "இலங்கை தெரியுதா?" என்று கண்ணைச் சுருக்காதீர்கள். தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. கரையில் நிற்பவருக்கு 5 கி.மீ. தாண்டினாலே கடல் வளைந்து மறைந்துவிடும். தெரிகிற வெள்ளைக் கோடு மணல் திட்டு.

"இங்கேயிருந்து இலங்கைக்கு ரயில் போச்சாம்" என்று சிலர் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதிதான் சரி. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போக முடிந்தது. ஆனால் தண்டவாளம் தனுஷ்கோடித் துறையோடு சரி. அங்கே இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். அந்த ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயரே அதனால்தான். இந்த மணல்மேட்டில் சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் எதற்கு என்பதும் அப்போதுதான் புரியும். 1964 டிசம்பர் புயல் ஊரையும் ஒரு பயணிகள் ரயிலையும் விழுங்கியது உண்மை. ஆனால் கப்பல் அதோடு நிற்கவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து 1980கள் வரை ஓடியது. எல்லையை அடைத்தது புயல் அல்ல, இலங்கைப் போர்ச்சூழல்.

வணிகமும் ரயிலோடு வந்ததல்ல. இதே கடற்கரையில் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கீழக்கரை முத்தும் சங்கும் தனிக் கதை.

தேவாலயச் சுவரை ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். கல்லில் பூப் பூவாக, தேன்கூடு போல வரி ஓடும். பவளக்கல். ஞாபகத்துக்கென்று ஒரு துண்டைப் பெயர்த்து எடுக்காதீர்கள். உதிர்ந்தது போக நிற்பதே கொஞ்சம்.

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் சாதுதானே என்று குழந்தைகளை இறக்கிவிட வேண்டாம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கம்தான் கொந்தளிக்கும்.

அப்புறம், 'பேய் நகரம்' என்ற பட்டம். எனக்கு அது கோபத்தையே வரவைக்கும். ஓலைக் குடிசைகளில் இன்றும் மீனவர்கள் இருக்கிறார்கள். உப்புக்கடலுக்குச் சில எட்டு தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடம் நிரப்புகிறார்கள்.