உங்களுக்குப் பிடித்த பீர் எது? புதுச்சேரி வீட்டில் செய்து பார்க்க ஒரு ருசிப் பரிசோதனை

புதுச்சேரியில் ஒருவரிடம் எந்த பீர் பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பிராண்டின் பெயர் வரும். ஏன் பிடிக்கும் என்று மேலும் கேட்டால், கூலிங் நன்றாக இருந்தால் எதுவானாலும் சரி என்ற பதில்தான் வரும். சித்திரை வெயிலுக்கு அந்தப் பதில் நியாயமானது, ஆனால் அது குளிர்ச்சியைப் பற்றிய விருப்பமே தவிர ருசியைப் பற்றியது அல்ல. குளிர்ச்சி, பழக்கம், லேபிள் ஆகிய மூன்றையும் சற்று விலக்கி வைத்துவிட்டு, நம் நாக்குக்கு உண்மையில் எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்த்தால் ருசி தானாகப் புரிந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. புரியும், ஆனால் இங்கே அதற்கு வழியில்லை. புதுச்சேரியின் கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். எல்லை தாண்டிக் கடலூருக்குள் போனால் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பிரிட்டனில் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுவதற்கான உரிமக் கட்டாயம் 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் அதற்கு வழிவிட்டது. அந்த நாடுகளில் வசிக்கும் நம்மவர்கள் அண்டாவும் கேனும் வாங்கித் தாராளமாகத் தொடங்கலாம். அவர்களுங்கூட முதல் வேலையாகச் செய்ய வேண்டியது மூலப்பொருள்களைத் தனித்தனியே சுவைத்துப் பழகுவதுதான். அதைப் புதுச்சேரிச் சமையலறையில் செய்யச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

பீருக்குத் தேவையானவை தண்ணீர், முளைகட்டி உலர்த்திய தானியம், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட் ஆகிய நான்குதான். நம் சந்தையில் அதிகம் விற்கும் பீர்களில் பார்லியோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போன்றவையும் சேர்க்கப்படுவதால் அவற்றின் தானிய ருசி மெலிந்திருக்கும். அந்த ருசி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மளிகைக் கடைப் பார்லியை வாங்கி ஊறவைக்காதீர்கள். அது மேல்தோல் நீக்கித் தீட்டப்பட்டது என்பதால் முளைக்காது. கேழ்வரகு போதும். முளைகட்டி உலர்த்திய கேழ்வரகில் ஐம்பது கிராம் எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மணம் வரும் அளவுக்கு மட்டும் இளஞ்சூட்டில் வறுங்கள். மற்றதைக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுங்கள். இரண்டையும் தனித்தனியே ரவைப் பதத்தில் உடைத்து, ஒவ்வொன்றின் மீதும் 200 மில்லி வெந்நீரை ஊற்றிப் பதினைந்து நிமிடம் மூடி வைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். நீரின் சூடு 65 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு நம் ஊர்த் தட்பவெப்பமே கைகொடுக்கிறது: கொதிக்கும் நீரும் 30 டிகிரியில் இருக்கும் குழாய் நீரும் சம அளவில் கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடுதான் கிடைக்கும்.

அந்தச் சூட்டில் முளைத் தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. பீர் காய்ச்சுபவர்கள் முதல் ஒரு மணி நேரம் செய்வதும் இதையேதான். இளம் வறுவலின் வடிநீரில் ரொட்டி மணமும் மெல்லிய இனிப்பும் இருக்கும். கருவறுவலில் நொதிகள் அழிந்துவிடுவதால் இனிப்பு குறைந்து, காப்பியையும் கருகிய மேலோட்டையும் நினைவூட்டும் கசப்பு மேலோங்கும். வெளிர் லாகர் பீருக்கும் கறுத்த ஸ்டௌட் பீருக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த இரண்டு டம்ளர்களிலேயே அடங்கிவிடுகிறது. கேழ்வரகு பார்லி ஆகாது என்பது உண்மைதான், ஆனாலும் வறுவல் ருசியை எப்படி மாற்றுகிறது என்ற பாடத்துக்கு அது குறைவில்லை.

ஹாப்ஸ் தருவது கசப்பு. பலர் பீரில் கசப்பு என்று குறை சொல்வது பல நேரங்களில் துவர்ப்பாக இருப்பதால், இரண்டையும் முன்கூட்டியே பிரித்தறிந்துகொள்வது பயன்தரும். இரவில் ஊறவைத்த வெந்தய நீரையும், பால் சேர்க்காமல் நெடுநேரம் கொதிக்கவைத்து ஆறிய தேயிலை நீரையும் மாற்றி மாற்றி ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள். முன்னதில் விழுங்கிய பிறகும் கசப்பு நின்று தொடரும். பின்னதில் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும். பாகற்காயும் சுண்டைக்காயும் விரும்பிச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவர்கள் ஹாப்ஸின் கசப்புக்கு அஞ்சக் காரணமே இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது வாங்குவது. நால்வர் சேர்ந்து செய்வதாக வைத்துக்கொண்டால் நான்கு வகைகளில் ஒவ்வொரு பாட்டில் போதும்: சாதாரண லாகர் ஒன்று, அதே நிறுவனத்தின் ஸ்ட்ராங் ஒன்று, கோதுமை பீர் ஒன்று, ஹாப்ஸ் மிகுந்த பேல் ஏல் அல்லது அதன் ஒரு வகையான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) ஒன்று. ஸ்டௌட் கிடைத்தால் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், தாங்களே காய்ச்சி விற்கும் பப்களில் கறுப்பு பீர் ஊற்றும் நாளைக் கேட்டறிந்து அங்கேயே சுவைப்பது நல்லது. இலங்கையிலிருந்து வருபவர்கள் பெருமையோடு பேசும் லயன் ஸ்டௌட்டில் மதுச்சத்து 8.8 சதவீதம் என்பதால், அது கிடைத்தால் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. பீர் வைத்திருந்து மெருகேறும் பானம் அல்ல. சூட்டில் கிடந்த பீரில் ஆக்சிஜனின் வேலையால் ஈர அட்டைப்பெட்டியின் வாடை வந்துவிடும். வெயில் நேரே விழும் கடையிலோ, டியூப்லைட் எரியும் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையிலோ இருப்பதைத் தவிர்த்துவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒளியைத் தடுப்பதில் பழுப்பு பாட்டில் சிறந்தது. பச்சையும் நிறமற்றதும் பார்வைக்கு அழகு, பாதுகாப்பில் பலவீனம். கடலூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: புதுச்சேரியில் வாங்கிக்கொண்டு ஆல்பேட்டை சோதனைச்சாவடியைக் கடப்பது குற்றம் என்பதால், பரிசோதனைக்கு வேண்டியதை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21.

எவர்சில்வர் டம்ளர் இந்தக் காரியத்துக்கு உதவாது, ஏனெனில் நிறமும் நுரையும் தெரியாது. ஒரே வடிவிலுள்ள கண்ணாடித் தம்ளர்களைக் கழுவித் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர்த்துங்கள். நுரையின் முதல் எதிரி எண்ணெய். தேங்காயெண்ணெய் பட்ட விரல் தடவிய தம்ளரில் நுரை நிற்காது. சுத்தமா என்று அறிய, உட்புறத்தை நனைத்து நீரைக் கொட்டிவிட்டு உப்புத்தூளைத் தூவுங்கள்: எங்கும் சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத்திட்டாக ஒட்டினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. பிறகு நன்றாக அலசிவிட வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

இனி வருவதுதான் நம் ஊர்க்காரர்கள் ஏற்கத் தயங்கும் பகுதி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்கக் கூடாது. ஏறக்குறைய 4 டிகிரியில் இருக்கும் பீரில் மணப்பொருள்கள் காற்றில் எளிதாக எழும்புவதில்லை. இனிப்பும் மங்கித் தெரியும். குளிர்ந்த நீரில் கார்பன் டையாக்சைடு அதிகம் கரைந்து நிற்பதால் நாக்கில் சுறுசுறுப்பு மட்டுமே மிஞ்சும். லாகருக்கு 5 முதல் 7 டிகிரி, கோதுமை பீருக்கு அதைவிடச் சற்று அதிகம், ஸ்டௌட்டுக்கு 10 முதல் 13 டிகிரி வரை பொருத்தமானது. நம் வீட்டு அறைச்சூட்டில் இது வெகுவிரைவாக நடந்துவிடும்: லாகரை எடுத்த சில நிமிடங்களிலும், ஸ்டௌட்டைக் கால் மணி நேரம் கழித்தும் ஊற்றலாம். என் மச்சான் ஒருவர் இந்த விதியைக் கேட்டுவிட்டு, இதற்குப் பேசாமல் ரசமே குடிக்கலாம் என்றார். ஆனால் ஒரே லாகரை எடுத்தவுடன் ஒரு மடக்கும், பத்து நிமிடம் கழித்து ஒரு மடக்கும், வெதுவெதுப்பான பிறகு ஒரு மடக்கும் குடித்துப் பார்த்தால் வாதம் தேவைப்படாது. குளிரில் குற்றமற்றதாகத் தோன்றிய பீர் மூன்றாம் மடக்கில் தன் முழு உண்மையையும் சொல்லிவிடும். நல்ல பீர் அப்போதும் குடிக்கத்தக்கதாகவே இருக்கும்.

ஆளுக்கு 100 மில்லி போதும். தம்ளரைச் சற்றுச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி இரண்டு விரல் கனத்துக்கு நுரை எழ விடுங்கள், ஏனெனில் மணம் நுரையோடுதான் மேலே வருகிறது. முதலில் சிறுசிறு மூச்சாக முகர்ந்து, பிறகு ஒரு மடக்கை வாய் முழுதும் பரவ விட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள்; ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் தெரியும். உடனே ஒரு தாளில் எழுதுங்கள், ஆனால் நன்றாக இருந்தது, சுமார் என்ற இரண்டுக்கும் தடை விதித்துக்கொள்ளுங்கள். பொரி, வறுத்த கடலை, எலுமிச்சைத் தோல், புல், தேன், வெல்லப்பாகு என்று அடுக்களையில் உள்ள பெயர்களையே பயன்படுத்தினால் பின்னாளில் படிக்கும்போது பொருள் விளங்கும். ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் இடையில் தண்ணீரும், நம் ஊர் பேக்கரிகளில் கிடைக்கும் நீள பிரெஞ்சு ரொட்டியின் ஒரு துண்டும் வாயைத் துடைத்துவிடும். மிக்சரும் மசாலாக் கடலையும் கடைசிவரை வெளியே வரக் கூடாது.

மெலிந்ததிலிருந்து கனத்ததற்குப் போவது முறை என்பதால் லாகருக்குப் பிறகு கோதுமை பீர். இதில் வாழைப்பழமும் கிராம்பும் மணத்தால் அது ஜெர்மன் பாணி; அந்த மணங்களை யாரும் போடவில்லை, நொதிக்கும்போது ஈஸ்ட் தானே உண்டாக்குகிறது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் மணத்தால் அது பெல்ஜியப் பாணி. அவை உண்மையாகவே சேர்க்கப்பட்டவை. கோதுமை பீர் பிடிக்கும் என்பவர்கள் இந்த இரண்டில் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒன்றை விரும்புபவருக்கு மற்றது பிடிக்காமல் போவது சகஜம். எனக்குப் பெல்ஜியப் பாணிதான். மல்லிவிதை நம் நாக்குக்கு அந்நியமல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐபிஏ குறித்து, இந்தியாவுக்கு வரும் நெடுங்கப்பல் பயணத்தைத் தாங்குவதற்காகவே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை எல்லா மேசையிலும் சொல்லப்படும். ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும் என்பது சரி. கண்டுபிடிப்பு என்ற பகுதி மிகை. சுவைக்கும்போது முதல் மடக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். கசப்பு நாக்குக்குப் பழகிய மூன்றாம் மடக்கில்தான் மாம்பழம், பம்பளிமாஸ் போன்ற பழ மணங்கள் தெரியத் தொடங்கும்.

ஸ்ட்ராங் பீரை முடிவில் வைத்து, அதே நிறுவனத்தின் சாதாரண லாகரோடு அருகருகே சுவையுங்கள். இந்திய உணவுத் தரவிதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை மதுச்சத்து இருப்பது ஸ்ட்ராங் ஆகும். தொண்டையில் இறங்கும் சூடும், திகட்டும் இனிப்பும், அவற்றின் பின்னே தானிய மணம் மெலிந்திருப்பதும் இந்த ஒப்பீட்டில் பளிச்சென்று தெரியும். நம் கடைகளில் அதிகம் கேட்கப்படும் இந்த வகை ருசிக்காக வாங்கப்படுவது அல்ல என்றே நான் கருதுகிறேன்; மாற்றுக் கருத்துள்ளவர்கள் அதை வெதுவெதுப்பாக ஒரு முறை குடித்துவிட்டுச் சொல்லட்டும்.

பகலில் தொடங்குபவர்களுக்கு மொட்டைமாடியில் ஒரு துணைப் பரிசோதனை உண்டு. ஒரே பீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதைப் பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தால் மூடியும் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரே குளிர்நிலைக்குக் கொண்டுவந்து முகர்ந்தால், வெயிலில் நின்றதில் கருகிய ரப்பர் போன்ற வாடை அடிக்கும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து கந்தகச் சேர்மமாக மாறுவதே இதற்குக் காரணம். கடற்கரைச் சாலை விடுதிகளின் வெளிமேசையில் வாங்கிய பீர் ஏன் பாதியில் நாறியது என்பதற்கும் விடை இதுதான்.

எனக்கு என் பிராண்ட் கண்ணை மூடினாலும் தெரியும் என்று சொல்பவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்காக மூன்று தம்ளர்களை எடுத்து, இரண்டில் ஒரு லாகரும் மூன்றாவதில் வேறு நிறுவனத்தின் லாகரும் ஊற்றி, மாறுபட்டது எது என்று கேளுங்கள். குருட்டு ஊகத்திலேயே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் வரிசையை மாற்றிச் சில முறை செய்தால்தான் முடிவுக்கு மதிப்பு உண்டு. பீர் ஆலைகளிலும் கையாளப்படும் சோதனை இது, ஆகவே தோற்றவர் வருத்தப்பட வேண்டியதில்லை.

தாள்கள் எல்லாம் நிரம்பிய பிறகு வறுவல்களை வெளியே எடுக்கலாம். மிளகாய் காரத்தோடு ஐபிஏ சேர்ந்தால் எரிச்சலும் கசப்பும் ஒன்றையொன்று கூட்டிவிடும். காரமான இறால் தொக்குக்கும் வஞ்சிரம் வறுவலுக்கும் கோதுமை பீரோ சாதாரண லாகரோ இதமானது. வண்டி ஓட்டி வந்தவர்கள் இரவு தங்கிப் போகட்டும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதுதான் சட்டத்தின் வரம்பு. திறந்த பாட்டில்களில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைத்தால் வாயு போய்ச் சப்பென்றாகிவிடும் என்பதால், கடலை மாவும் அரிசி மாவும் கலந்து அதில் ஊற்றிக் கரைத்து, மீன் துண்டுகளைத் தோய்த்து உடனே எண்ணெயில் போடுங்கள். மிச்சமிருக்கும் வாயு மாவை உப்பச் செய்து மொறுமொறுப்பாக்கும், ஆனால் அதற்கு ஐபிஏவை எடுக்காதீர்கள், கசப்பு மீனில் தங்கிவிடும்.