சயரோகம் என்று சந்தேகமா? முதலில் சளியை ஒழுங்காகக் கொடுங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல், ராத்திரி வேர்த்து பனியன் நனைவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இதில் எது இருந்தாலும் மெடிக்கல் ஷாப் டானிக்கில் நாளைக் கடத்தாதீர்கள். பெரியவர்கள் சயரோகம், எலும்புருக்கி என்று குசுகுசுத்த அதே டிபியாக இருக்கலாம். வடசென்னையில் வியாசர்பாடியோ காசிமேடோ, பக்கத்து கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். பரிசோதனை, மாத்திரை எல்லாம் இலவசம்.

பலர் கோட்டை விடுவது சளி கொடுப்பதில்தான். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள் (வீட்டுக்குள்ளேயோ பாத்ரூமிலோ வேண்டாம்). இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். கெட்டியாக, கொழகொழவென்று வந்தால் அதுதான் சளி. நுரை நுரையாகத் தண்ணி மாதிரி இருந்தால் இன்னொரு தடவை இருமுங்கள். மூடியை இறுக்கி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

டிபிதான் என்று வந்துவிட்டால், மருந்துக்கு அடங்குகிற சாதாரண வகைக்கு 6 மாதம் மாத்திரை: முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்தின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்கும், அப்போதுதான் "எனக்குச் சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் நோய் திரும்பி வரும், அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாகவும் மாறலாம். சரக்கு? இந்த 6 மாதம் தொடவே வேண்டாம், மாத்திரையே ஈரலுக்குப் பாரம்.

சத்துணவுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது (2024 நவம்பருக்கு முன் 500), பாஸ்புக் நகலை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், தட்டு டம்ளரைத் தனியாக வைத்து ஆளை ஒதுக்காதீர்கள். இது காற்றில் பரவுவது, பாத்திரத்தில் இல்லை. நெரிசலான வீடுகளில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் வெளியான ஆய்வு நம் மெட்ராஸில் நடந்ததுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், வீட்டில் இருக்கிற எல்லாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, அதே வாரத்தில் கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள்.