விபத்தில் அடிபட்ட பழைய புல்லட்: சரிசெய்வதா, விட்டுவிடுவதா?

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது அப்பாவின் வண்டியாக இருக்கும், இல்லையென்றால் பல வருடம் தேடி வாங்கியதாக இருக்கும். அது விபத்தில் நொறுங்கிக் கிடக்கும்போது ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வீட்டில் "போதும், தள்ளிவிடு" என்பார்கள். பட்டறையில் "பண்ணிடலாம் சார், ஒண்ணும் பிரச்சினையில்ல" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் உடனே தலையாட்ட வேண்டாம். வண்டியில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். பட்டறை அனுபவமே இல்லாதவரும் செய்யக்கூடிய வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: எதையும் கழற்றாதீர்கள்

முதலில் ஓட்டியவர் உடம்பைப் பாருங்கள், வண்டி காத்திருக்கும். தலையில் அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது.

வண்டியை நாலு பக்கமும், கீழேயும், கழுத்துப் பக்கமும் (ஹேண்டில் திரும்பும் குழாய்) போட்டோ எடுங்கள். யாருக்காவது காயம்பட்டு போலீஸ் வழக்கு ஆகியிருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது. இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் சர்வேயர் வரும்வரையும் அப்படித்தான். அப்புறம் பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள்.

படி 2: நூல் பிடித்துப் பாருங்கள்

முன்னால் மோதிய வண்டியில் முதலில் தெரிய வேண்டியது, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்பது. இதற்கு ஒரு நீளமான நூல் போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் இரண்டு பக்க செயின் அட்ஜஸ்டரும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். நூலைப் பின்டயரின் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு முனையையும் இரு பக்கமாக முன்னால் கொண்டு வாருங்கள். ஸ்டாண்டும் சைலன்சரும் குறுக்கே வராத உயரமாக இருக்கட்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது, பின்டயரின் முன்விளிம்பையும் நூல் லேசாகத் தொடும்படி இழுங்கள். பழைய ஸ்டாண்டர்டு புல்லட்டில் முன்னும் பின்னும் ஒரே 3.25-19 டயர்தான். ஆகவே முன்டயரையும் இரண்டு பக்கமும் நூல் ஒரே மாதிரி தொட வேண்டும். பின்னால் அகலமான டயர் போட்டிருந்தால் முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகினால் எங்கோ கோணியிருக்கிறது. அது சக்கரமா, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கா, வண்டியின் எலும்புக்கூடான சேசிஸா என்பதை அடுத்த இரண்டு படிகளில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 3: முன்பக்கம்

ரிம் நெளிந்தால் ரிம் மாற்றலாம், ஸ்போக் புதிதாகக் கட்டலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஃபோர்க் குழாய்களைக் கழற்றி ஒரு தடிமனான கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த குழாய் தடுமாறி உருளும், அடியில் வெளிச்சம் தெரியும். பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் புதுக் குழாயே போடுங்கள், உயிரைத் தாங்குகிற சாமான் அது.

புல்லட்டுக்கே உரிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. ஹெட்லைட்டும் இரண்டு சின்ன பைலட் விளக்குகளும் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய வார்ப்பை அழகுக்கான மூடி என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோர்க் குழாய்களின் மேல்முனை அதில்தான் மரையிட்டு இறுகுகிறது. முன்பக்கத்தின் பாரத்தைத் தாங்குகிற பாகம் அது. அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைக்க விடாதீர்கள். மாற்றத்தான் வேண்டும்.

படி 4: எண் பொறித்த இரண்டு பாகங்கள்

முடிவு இங்கேதான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

சேசிஸ் எண் கழுத்தில், அதாவது ஹேண்டில் திரும்பும் குழாயில் பொறித்திருக்கும். எஞ்சின் எண், எஞ்சினின் அடிப்பகுதி உறையான கிராங்க்கேஸில் இருக்கும். ஆர்.சி. புத்தகத்துக்கு உங்கள் வண்டி என்றால் இந்த இரண்டும்தான். டேங்க், மட்கார்டு, சீட், சைலன்சர் எல்லாம் மாறினாலும் அது அதே வண்டி. இந்த இரண்டும் போனால் நீங்கள் சரிசெய்வது வேறொரு வண்டியை.

பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் சேசிஸ் குழாய் ஓடாது. முன்குழாய் கீழிறங்கி எஞ்சினோடு நின்றுவிடும், எஞ்சினே சேசிஸின் ஒரு பகுதியாக வேலை செய்கிறது. அதனால் முன்னால் வாங்கிய அடி ஃபோர்க், கழுத்து, முன்குழாய் என்று இறங்கி நேரே கிராங்க்கேஸுக்குப் போய்ச் சேரும்.

டேங்கைக் கழற்றிவிட்டு, கழுத்துக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து டார்ச் அடியுங்கள். பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, மெல்லிய கோடாக வெடித்திருக்கிறதா, குழாய் உப்பியிருக்கிறதா? இவை வளைவின் அடையாளம். பிறகு எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். இந்த எஞ்சினில் ஆயில் கிராங்க்கேஸுக்குள்ளேயே தனி அறையில் இருப்பதால், விரிசல் விட்டிருந்தால் துடைத்துவிட்டு ஒரு ராத்திரி நிறுத்தினாலே காலையில் கசிவு காட்டிக்கொடுத்துவிடும்.

லேசான வளைவை ஜிக்கில் (சேசிஸை அளவு மாறாமல் பிடிக்கும் சட்டம்) பொருத்தி நிமிர்த்தலாம். நிமிர்த்திய பிறகு மறுபடி நூல் பிடித்துப் பாருங்கள். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் அடித்து எடுப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், குழாயின் பலம் போய்விடும். கிராங்க்கேஸ் ஓரத்தில் சின்ன விரிசல் என்றால் அலுமினிய வெல்டிங் தெரிந்த நல்ல கை சரிசெய்துவிடும். கழுத்தே பிளந்திருந்தால் என் கருத்து, அந்தச் சேசிஸில் இனி ஓட்டக் கூடாது.

"புதுப்பேட்டையில வேற சேசிஸ் எடுத்து நம்பர் அடிச்சிடலாம்" என்று, சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தையைக் காட்டி யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது குற்றம். சேசிஸோ எஞ்சினோ மாற்ற வேண்டியிருந்தால், வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். புதிதாக வருவதற்கு முறையான பில்லும், எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரமும் வேண்டும். உங்கள் வண்டி 50 வருடம் தாண்டியதா? 2021இல் வந்த விதிப்படி 'வி.ஏ.' எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு கேட்கலாம். சேசிஸிலும் எஞ்சினிலும் மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது கிடைக்கும்.

படி 5: பணக் கணக்கு

பாலிசியை எடுத்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. முழு பாலிசி இருந்தாலும், 5 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு) என்பது நீங்களும் கம்பெனியும் பேசி வைத்த தொகைதான். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) என்று முடித்துவிடுவார்கள். 10 வருடம் தாண்டிய வண்டியில் உலோக பாகங்களுக்கே 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். டோட்டல் லாஸ் என்றாலும் இடிபாட்டை நீங்களே வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அதற்கான மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பாதுகாப்பாக ஓட என்ன செலவு, பார்க்க அழகாக இருக்க என்ன செலவு. முதல் தொகை உங்கள் கைக்கு அடங்கினால் சரிசெய்யுங்கள், இரண்டாவது மெதுவாக வரட்டும். முதலே அடங்காவிட்டால் கடன் வாங்கி இறங்க வேண்டாம். பிரித்த பிறகு இன்னும் நாலு சாமான் போயிருப்பது தெரியவரும், அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

புல்லட்காரர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் சாமான் தேடலாம், வேலை தெரிந்த கைகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. டேங்க் நசுங்கியிருந்தால் உடனே புதுசு வாங்காமல் டிங்கரிங்கில் முடியுமா என்று கேளுங்கள். புல்லட் செய்த திருவொற்றியூர் ஆலையில் கையாலேயே இழுத்த அந்தத் தங்கக் கோடு மிச்சமிருக்கும் டேங்கை நான் விடவே மாட்டேன். டேங்கில் வெல்டிங் வைப்பதற்கு முன் பெட்ரோல் ஆவி துளியும் இல்லாமல் கழுவியாக வேண்டும். இல்லையென்றால் வெடிக்கும்.

படி 6: சரிசெய்தால்

முதல் ஓட்டம் ஆளில்லாத நேரான ரோட்டில், மெதுவாக இருக்கட்டும். ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் ஹேண்டில் உதறுகிறதா, திருப்பும்போது நடுவில் சிக்குகிறதா என்று பாருங்கள். சிக்கினால் கழுத்து பேரிங் போயிருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்போக்குகளையும் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

படி 7: விட்டுவிடுவதாக இருந்தால்

வண்டி இனி ஓடவே ஓடாது என்று ஆகிவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவின்படி 14 நாளுக்குள், முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் பழைய இரும்புக்குப் போட்டால் உங்கள் எண்ணில் வேறு வண்டி ஓட வாய்ப்பிருக்கிறது. டேங்க், விளக்குகள், கியர்பாக்ஸ் போன்ற நல்ல சாமான்களை, இன்னொரு புல்லட்டை உயிரோடு வைத்திருக்கப் பாடுபடும் ஒருவருக்குக் கொடுங்கள். எண் பொறித்த சேசிஸையும் கிராங்க்கேஸையும் மட்டும் ரத்துச் சான்று கைக்கு வரும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.