நண்பர்களின் கிண்டல் மனசைக் குத்தினால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்

கூட்டத்தில் யாராவது கலாய்த்து உங்களுக்கு வலித்தால், அங்கேயே பதில் சொல்ல வேண்டாம். மறுநாள், அதை வழக்கமாக ஆரம்பித்து வைக்கும் நண்பரிடம் மட்டும் தனியாக, ஒரே ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: "மத்ததை எல்லாம் கலாய்ச்சுக்கோடா, என் முடி கொட்டுறதை மட்டும் விட்டுடு."

நாலு பேர் முன்னால் கேட்டால் அவருக்கும் மானப் பிரச்சினை. "சும்மா விளையாட்டுக்குத்தானே, இதுக்குப் போய் கோச்சுக்கிறியே" என்று அதையே அடுத்த கிண்டலாக்கிவிடுவார். தனியாக இருக்கும்போது சிரிக்க ஆள் இல்லாததால் காது கொடுத்துக் கேட்பார். அதோடு, "என்னைக் கிண்டல் பண்ணாதே" என்று பொதுவாகச் சொன்னால் எதை விடுவது என்று அவருக்குப் புரியாது, பேசவே தயங்கி ஒதுங்கிவிடவும் கூடும். ஒன்றை மட்டும் சொன்னால் நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் சொல்வதுதான் நல்லது, எழுத்தில் தொனி தெரியாது.

சொன்ன பிறகும் வேண்டுமென்றே அதையே தொடுகிறவரிடம் இது பலிக்காது. அவரிடமிருந்து கொஞ்சம் விலகி இருங்கள். சாதி, நிறம், குடும்பத்தை இழுத்துப் பேசுவதற்கும் இந்த மென்மையான வழி தேவையில்லை, அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம். கல்லூரியில் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: மாணவருக்கு அவமானமோ மன உளைச்சலோ தரும் கேலியும் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்துக்குள் வரும். புகார் சொல்ல பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இலவச உதவி எண் 1800-180-5522.