தைப்பேயில் மின்னணுக் கருவி வாங்கும்போது

தைவானில் வசிப்பவர் அன்றாடக் கருவிகளைத் தேட, தைப்பேயின் சோங்சியாவ் சின்ஷெங் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள குவாங்ஹுவா டிஜிட்டல் பிளாசாவில் தொடங்கலாம். ஒரே பொருள் பல கடைகளில் கிடைப்பதால், விலையையும் உத்தரவாதக் காலத்தையும் ஒப்பிட்ட பிறகே பணம் செலுத்துங்கள்.

தைவானில் வீட்டு மின்சாரம் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அதை ஊருக்கும் கொண்டு செல்லலாம். 110 வோல்ட்டுக்கு மட்டுமே அமைந்த ஈரப்பத நீக்கியையோ அரிசி குக்கரையோ நம் ஊரின் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் அது பழுதாகிவிடும்.

கேமரா வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது, என் கணிப்பில், புதிய லென்ஸ் அன்று. தீவின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படராமல் காக்கும் மின்னணு உலர்பெட்டியே. அதற்குள் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருங்கள். அதற்கும் மிகக் குறைத்தால் ரப்பர் பாகங்கள் வறண்டுபோகலாம்.