பல்மசேதாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

சிலி நாட்டின் குடியரசுத் தலைவர் ஹோசே மனுவேல் பல்மசேதாவைப் பற்றி முதன்முறையாக எழுத முற்படுவோர் பிறப்பில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதுண்டு. அப்படி எழுதினால் 1891 உள்நாட்டுப் போர் ஏன் மூண்டது என்பது கடைசிவரை விளங்காது.

படி 1: முதலில் ஒரு தாளில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1886 செப்டம்பர் 18 அன்று பதவியேற்றார். 1891 செப்டம்பர் 19 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பதவிக்காலம் ஐந்தாண்டு என்பதால், சட்டப்படி அது முடிந்த மறுநாளையே அவர் தேர்ந்தெடுத்தார் என்பது இவற்றிலிருந்தே புலப்படும்.

படி 2: இளமைக்கு இரண்டு வரி போதும். 1840இல் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டுமென்று வாதாடினார். தலைவரானதும் அதே அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். இந்த முரணை விட்டுவிடாதீர்கள்.

படி 3: பணம் வந்த வழியைத் தேடுங்கள். 1879இல் தொடங்கிய பசிபிக் போரில் பெரு, பொலிவியா நாடுகளிடமிருந்து வென்ற பாலைநிலத்தின் வெடியுப்பு மீது விதித்த ஏற்றுமதி வரியே கருவூலத்தை நிரப்பியது. அதைக் கொண்டு அவர் பள்ளிகளும் இருப்புப்பாதைகளும் அமைத்தார். 1890இல் திறக்கப்பட்ட மயேகோ ரயில் பாலம் 102 மீட்டர் உயரமுடையது. வெடியுப்பு முதலாளி ஜான் தாமஸ் நார்த் மீதே உள்நாட்டுப் போருக்கான பழி முழுவதையும் சுமத்துவது எளிது. ஆனால் அமைச்சரவை யாருக்குக் கட்டுப்பட்டது, தலைவருக்கா நாடாளுமன்றத்துக்கா என்பதே பூசலின் வேர் என்று நான் கருதுகிறேன்.

படி 4: 1891ஐ மட்டும் நாள்வாரியாக எழுதுங்கள். நாடாளுமன்றம் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றாததால், முந்தைய ஆண்டின் திட்டமே தொடரும் என்று ஜனவரி தொடக்கத்தில் அவர் அறிவிக்க, 7ஆம் தேதி ஹோர்ஹே மோன்ட் தலைமையில் கடற்படை நாடாளுமன்றத்தின் பக்கம் சேர்ந்து கிளர்ந்தெழுந்தது. தரைப்படையில் பெரும்பகுதி தலைவர் பக்கமே நின்றது. பிறகு எப்படித் தோற்றார்? வடக்கே படை அனுப்பக் கடல்தான் வழி. அது எதிரிகள் கையில் இருந்தது. இக்கிகே துறைமுகத்தோடு வெடியுப்பு வரியும் அவர்கள் வசமாக, அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கித் திரட்டிய படை ஆகஸ்ட் 21இல் கொன்கோனிலும் 28இல் பிளசியாவிலும் வென்றது.

படி 5: ஆகஸ்ட் 29இல் தளபதி பக்கெதானோவிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, சாந்தியாகோவிலிருந்த அர்ஜென்டினத் தூதரகத்தில் அவர் அடைக்கலம் புகுந்தார். கைதானார் என்று எழுதிவிடாதீர்கள். நாடாளுமன்றம் மேலோங்கிய ஆட்சிமுறை அதன்பின் 1925 அரசியலமைப்பு வரை நீடித்ததால், கடைசி வரியில் அந்த ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.