சமூகப்பணியில் பிஎச்.டி.: உதவித்தொகை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்களில் பலர் உடனே பிஎச்.டி.க்கு வருவதில்லை. தொண்டு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, களத்தில் கண்ட ஏதோ ஒரு கேள்வி விடாமல் துரத்திய பிறகுதான் வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். ஆனால் அதற்குள் வயது முப்பதை நெருங்கியிருக்கும், கல்விக் கடன் பாக்கி இருக்கும், வீட்டில் ஒருவர் அந்தச் சம்பளத்தை நம்பியிருப்பார். எனவே உதவித்தொகை விஷயத்தில் ஒரு தேதியையோ ஒரு சான்றிதழையோ தவறவிட்டால் இவர்களுக்கு விழுகிற அடி மற்றவர்களைவிடப் பலமானது. தமிழ்நாட்டில் சேர்கிறவர்கள் இதில் அதிகம் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது: "இப்போதைக்குப் பார்ட் டைமில் பதிவு பண்ணிக்கொள்வோம், ஜேஆர்எஃப் கிடைத்தால் ஃபுல் டைமுக்கு மாறிக்கொள்ளலாம்." நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் உட்பட மாதாந்திர ஃபெலோஷிப் எல்லாம் முழுநேர ஆய்வாளருக்குத்தான். நடுவில் மாற முடியுமா, எப்போது மாறலாம் என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. மாற அனுமதி கிடைத்தாலும் போன காலம் திரும்பாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குச் சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. மூன்று வருடம் பார்ட் டைமில் கழித்துவிட்டு ஃபுல் டைமுக்கு வருகிறவர், ஐந்தாண்டு ஃபெலோஷிப்பில் எவ்வளவை அனுபவிக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலையை விட முடியாத சூழலில் பார்ட் டைமில் சேர்வது தவறே இல்லை. அதை ஃபெலோஷிப்புக்கான குறுக்குவழியாக நினைப்பதுதான் தவறு.

இதோடு ஒட்டியதுதான் வயது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது என்பதால், ஜேஆர்எஃப்புக்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஜேஆர்எஃப்புக்கு 30 வயது. பெண்கள், எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவு) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, எம்.எஸ்.டபிள்யூ. இறுதியாண்டிலேயே எழுதலாம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. பிறகு வேலைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றாலும் படிக்கும்போதே எழுதத் தொடங்கிவிடுவது நல்லது. நெட் பாடப் பட்டியலில் சமூகப்பணியின் எண் 10. பக்கத்துத் துறையான சமூகவியலைத் தெரிவு செய்துவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம்.

அடுத்து, நம் ஊர்க்காரர்கள் வருடாவருடம் கோட்டைவிடும் சாதிச் சான்றிதழ். கையில் இருக்கும் பிசி அல்லது எம்பிசி அட்டை மாநில அரசின் இடஒதுக்கீட்டுக்கானது. நெட் தேர்வுக்கும் ஓபிசிக்கான தேசிய ஃபெலோஷிப்புக்கும் மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தேவை. அது கிரீமி லேயரில் வரவில்லை என்று சொல்ல வேண்டும், கேட்கப்பட்ட நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருப்பது போதாது, மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரம்பு 8 லட்சம் என்றதும், அப்பா அம்மாவின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் உண்டு. அந்த வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசுப் பணியில் அவர்கள் வகிக்கும் பதவியின் தரத்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. இது தெரியாமல் தகுதியுள்ள பிள்ளைகள் பொதுப் பிரிவில் போட்டியிடுவதைப் பார்த்தால் மனசு ஆறாது.

எஸ்சி, ஓபிசி பிரிவினருக்கான தேசிய ஃபெலோஷிப்புகளுக்குத் தனியாக அறிவிப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் தவறு. நெட் மதிப்பெண் அடிப்படையிலேயே தேர்வு நடப்பதால், நெட் விண்ணப்பத்திலேயே அதற்கான கேள்வி வரும். அந்த இடத்தில் 'ஆம்' என்று குறிக்காமல் தாண்டிவிட்டால் அந்தச் சுற்று போய்விடும். பிரௌசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பம் நிரப்பச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள்.

பழைய பட்டியல்களை நம்புவதையும் விட்டுவிடுங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் இன்னும் பல பட்டியல்களில் இருக்கிறது. 2022 டிசம்பரிலேயே அது நிறுத்தப்படுவதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. மாறாக, மாநில அரசின் உதவிகள் பலருக்குத் தெரிவதில்லை. முழுநேரமாக ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வழங்குகிறது. மத்திய அரசின் எஸ்சி ஃபெலோஷிப் கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்குக் கிடைக்காது என்பதால் அவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வு வைத்து வழங்கப்படும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதற்கு நீங்கள் எந்த வகைக் கல்லூரியில் ஆய்வு செய்கிறீர்கள் என்பது முக்கியம், சேருவதற்கு முன்பே அறிவிப்பைப் படித்துவிடுங்கள். ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) அமைப்பின் முனைவர் ஃபெலோஷிப் மாதம் 20,000. சமூகப்பணியும் அதன் வரம்புக்குள் வரும்.

இரண்டு இடங்களில் கிடைத்துவிட்டால் இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே காலத்துக்கு இரண்டு ஃபெலோஷிப் வாங்கியது தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எதை விடுகிறீர்களோ அதற்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது. ஜேஆர்எஃப் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். இதை வைத்து முதல் மாதமே வாடகை வீடு பார்த்து, தவணையில் லேப்டாப் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சேர்ந்த உடனே பணம் வராது. ஜாயினிங் ரிப்போர்ட் போக வேண்டும், கல்லூரி உங்கள் பெயரை ஃபெலோஷிப் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். முதல் தொகை வர மாதங்கள் ஆகும். அதன் பிறகும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று நிறுவனம் உறுதிசெய்தால்தான் அந்த மாதப் பணம். அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்ப்பவர் விடுப்பில் போனால் உங்கள் பணமும் நிற்கும். மாதத்தின் முதல் வாரமே போய் ஞாபகப்படுத்துவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆதார் வழியாக வரும் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும் என்பதையும் கவனியுங்கள். எங்கேயோ ஒரு பழைய கணக்கில் விழுந்துகிடந்த கதைகள் நிறைய. வேலையை விடும் முன் குறைந்தது ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகைக்கடனில் போய்தான் நிற்கும்.

விடுதி அறை கிடைத்தும் வாடகைப்படி கேட்பது இன்னொரு சிக்கல். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

களச்செலவைப் பற்றி நம் துறையில் பேசுவதே குறைவு. சமூக அறிவியல் ஜேஆர்எஃப் ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கன்டிஜென்சி எனப்படும் இதரச் செலவுத் தொகை ஆண்டுக்கு 10,000 ரூபாய், அடுத்து ஆண்டுக்கு 20,500. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் 300 குடும்பங்களைச் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு பேட்டி என்றால் 75 நாள். பஸ், ஷேர் ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 22,500 ஆகிறது. இரண்டு வருடக் கன்டிஜென்சியைவிட அதிகம். இன்னும் ஜெராக்ஸ் இருக்கிறது, ஒடிசா தொழிலாளர்களிடம் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பேட்டியை எழுத்தாக்க வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். டாக்டோரல் கமிட்டி முன்னால் ஆய்வுத் திட்டத்தை வைக்கும்போதே செலவுத் தாளையும் வையுங்கள். 300 வேண்டுமா, 40 ஆழமான பேட்டிகள் போதுமா என்பது ஆய்வுமுறைக் கேள்விதான், ஆனாலும் பணம் அதற்குள் இருக்கிறது. கைடிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். "பார்த்துக்கலாம்" என்று சொல்லி வேலையைத் தொடங்கினால், பாதிக் களத்தில் பணம் தீர்ந்து, பேட்டி கொடுத்த மனிதர்களையும் பாதியில் விட்டுவர நேரும். பில்லை அன்றன்றைக்கே ஒட்டிவைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் பஸ் டிக்கெட் வெறும் வெள்ளைத் தாளாகியிருக்கும்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்சி மாணவர்கள் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், 2022 வழிகாட்டுதல்களின்படி இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இடமில்லை. நம் ஆய்வுகளில் பெரும்பகுதி அங்கேயே அடிபட்டுப் போகிறது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் தலைப்பை எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விண்ணப்பிக்கிறவர்கள் பிஎச்.டி.யையும் டி.எஸ்.டபிள்யூ. (டாக்டர் ஆஃப் சோஷியல் வொர்க்) பட்டத்தையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. பிஎச்.டி.யில் கட்டணச் சலுகையும் மாதத் தொகையும் கிடைப்பது வழக்கம். டி.எஸ்.டபிள்யூ. பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள் சொந்தப் பணத்தில் படிப்பது.

கடைசியாக, முடிக்கும் கட்டம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளோடு ஃபெலோஷிப் நின்றுவிடும், வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கோ இன்னும் பல மாதங்கள் ஆகும். மூன்று வருடத்துக்கு மட்டும் கிடைக்கும் உதவித்தொகை என்றால், எழுதும் வருடமே பணமில்லாமல் போகும். கைக்கு வரும் பணத்தில் முதல் வருடத்திலிருந்தே கொஞ்சம் ஒதுக்குங்கள், சமர்ப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நடுவில் வேலை கிடைத்தால் சேரும் தேதியைத் துறைக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுச் சேருங்கள். சொல்லாமல் சேர்ந்து ஒரு மாதத் தொகை கூடுதலாக வந்திருந்தால், ஆய்வேடு கொடுக்க நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கப் போகும் அன்றைக்கு அது எழுந்து நிற்கும்.